சேனை வைக்காத வெள்ளிக்கிழமை

ஜூலை 1, திங்கள்

ஹஜ் முடித்து நானும் மனைவி சுலைகாவும் மேலப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தோம். உடல்நிலை பற்றித் தினமும் ஒரு வரி எழுதி வைக்கும்படி டாக்டர் ஜெபக்கனி கேட்டிருக்கிறார். ஒரு வரி போதும் என்றார். எனக்குத் திட்டம் இல்லாமல் எழுத வராது. கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலம் முழுவதும், அன்றைய பாடத்தின் பகுதிகளைக் கரும்பலகையின் ஓரத்தில் எண் போட்டு எழுதிய பிறகுதான் வாயைத் திறப்பேன். இதில் வர இருப்பவை:

1. என் உடல்நிலை.
2. தடுப்பூசி பற்றியும் தொண்டைச் சோதனை பற்றியும் நான் புரிந்துகொண்டவை. தவறாகவும் இருக்கலாம்.
3. ஹஜ்ஜிலிருந்து வந்தவனைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் நடந்துகொள்ள வேண்டிய முறை.
4. பேரனுக்குச் சேனை வைக்க நான் தயங்குவதற்கான ஒரே காரணம்.
5. முடிவு.

இன்று காய்ச்சல் இல்லை. லேசான இருமல். ஹஜ்ஜின்போது மினாவில் எங்கள் கூடாரத்தில் இருமாதவர் யாரும் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. இருமல் நேற்றைப் போலவே.

இரண்டாவதை முதலில் எழுதிவிடுகிறேன். ஹஜ்ஜுக்குப் போகிற எல்லோருக்கும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுவார்கள். எங்களுக்குப் போட்ட முகாமில், வரிசையின் கடைசியில் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த டாக்டர் ஜெபக்கனி ஒரு மேசையோடு உட்கார்ந்திருந்தார். ஓர் ஆராய்ச்சிக்காகப் பயணத்துக்கு முன் ஒரு முறையும் திரும்பிய பின் ஒரு முறையும் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுப்போம், சம்மதமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சரி என்று சொன்னேன்.

"இவங்க யாருட்டயாவது வேண்டாம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல டாக்டரம்மா" என்றாள் சுலைகா. "சலவைக்கடையில வேற ஆள் சட்டையைக் கொடுத்துட்டான். மாத்திக் கேக்கப் பயந்து ரெண்டு வருசம் அதையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சாங்க. எனக்கும் எடுத்துக்கிடுங்க. இல்லன்னா தனியா மாட்டிக்கிட்டோமேன்னு வழியெல்லாம் புலம்புவாங்க."

சட்டை உண்மையில் நல்ல சட்டை.

நான் புரிந்துகொண்டது இது. அந்தக் கிருமி நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்களின் தொண்டையிலும் வந்து தங்கும். தங்கியவருக்கு ஒன்றும் தெரியாது; சில வாரமோ சில மாதமோ இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். எப்போதோ யாரோ ஒருவர் உடம்பில் மட்டும் அது இரத்தத்துக்குள் புகுந்து மூளையைச் சுற்றியுள்ள உறையை அடையும். அப்போது காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் போய்விடலாம். எச்சிலிலும் இருமலிலும் பரவுவதால், பல தேசத்து மக்கள் நெருக்கமாகக் கூடும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஊசி கட்டாயம்.

"ஊசி உங்களைக் காப்பாத்தும் சார்" என்றார் டாக்டர். "ஆனா கிருமி உங்க தொண்டையில வந்து உக்காருறதையும் அது தடுக்குமா, எவ்வளவு தடுக்கும்னுதான் நாங்க பாக்கோம்."

"அப்படின்னா, தனக்கு ஒண்ணும் வராம, அடுத்தவங்களுக்கு அதைக் கொடுக்க முடியுமா?"

"முடியும் சார். அதுல நோய் வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா முடியும்."

அந்த 'முடியும்' மக்கா வரை என்னோடு வந்தது.

பிற்பகல் மகள் மெஹர் சில நாள் தங்கப் பேரனோடு வந்தாள். மருமகன் மஸ்கட்டில் இருக்கிறார். இரண்டு முறை கருவிலேயே இழந்தவள் மெஹர். இவன் நாங்கள் ஹஜ்ஜில் அரஃபாவில் நின்ற வாரத்தில், அவளுடைய மாமியார் வீட்டில் இருந்தபோது பிறந்தான். சுலைகா வாசலிலேயே பிள்ளையை வாங்கி, நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரை முத்தி முடித்த பிறகுதான் மகளை உள்ளே வரச் சொன்னாள். நான் அறை நிலையருகே நின்றுகொண்டேன்.

"வாப்பா, கிட்ட வந்து பாருங்களேன்."

"இங்கிருந்தே தெரியுது" என்றேன்.

"சேனை வைக்கலாம்னு மாமா பொறந்த அன்னைக்கே பேரீச்சம்பழத்தோட வந்துட்டாங்க. எங்க வாப்பா வந்துதான் வைக்கணும்னு சண்டை போட்டு நிப்பாட்டி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் வைங்க."

பேரீச்சம்பழத்தை வாயில் மென்று, மசிந்ததை விரலால் தொட்டுப் பிறந்த பிள்ளையின் அண்ணத்தில் தடவுவதைச் சேனை வைப்பது என்கிறோம். வீட்டுப் பெரியவர் வைப்பார். ஹஜ் முடித்து வந்தவர் என்றால் விசேஷம். மெல்லும் வாய் என் வாய். ஆகவே நான்காவது அம்சம் விளக்கம் தேவையில்லாமல் தெளிவாக இருக்கிறது.

சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். அறிவியல் படித்தவன் இதை நம்புவதில்லை. இதை எதற்காக இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூலை 3, புதன்

காய்ச்சல் இல்லை. இருமல் குறைவு.

டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். எனக்கும் சுலைகாவுக்கும் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டெடுத்து, அங்கேயே ஆளுக்கொரு சிறு தட்டில் தடவினார். சாக்லேட் நிறத்தில் கூழ் உறைந்த தட்டு. கிருமிக்கு அதுதான் சாப்பாடாம். இரண்டு தட்டையும் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, மேலே ஒரு சிறு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து மூடினார். சுடர் சிறுத்து, நீலமாகி, அணைந்தது.

"இந்தக் கிருமிக்குக் கொஞ்சம் கரியமில வாயு வேணும் சார். மெழுகுவத்தி அணையுற அளவு இருந்தா அதுக்குச் சரியா இருக்கும்."

எவ்வளவு எளிய முறை. வகுப்பில் செய்து காட்ட எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கப்பட்டேன்.

அடுத்த தெருவில் இன்னொரு ஹாஜியாரிடம் எடுக்க வேண்டும் என்று ஜாடியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் லுஹர் தொழப் போனேன். திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது. டாக்டரும் வாசலில் நின்றார்.

"ஜாடியா? வெயில்ல கெட்டுப் போயிரும்னு பிரிட்ஜ்ல வச்சிருக்கேன்" என்றாள் சுலைகா, சமையலறையிலிருந்து. "ஜம்ஜம் தண்ணி பக்கத்துலதான். பத்திரமா இருக்கு."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். ஊசி மருந்து சூட்டில் கெடும். இந்தக் கிருமியோ குளிரில் செத்துவிடும். இப்போது தட்டில் ஒன்றும் வளராவிட்டால், தொண்டையில் இல்லாததால் வளரவில்லையா, குளிரில் செத்ததால் வளரவில்லையா என்று சொல்ல முடியாது.

"செத்தா நல்லதுதானே டாக்டரம்மா?"

"தொண்டையில செத்தா நல்லதும்மா. தட்டுல செத்தா நான் மறுபடி வரணும்."

குற்றம் என்னுடையது. ஜாடியைத் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு திங்களன்றுதான் தெரியும். சேனை நாளை.

மெஹரின் மாமனார், சம்மந்தி காதர் மஸ்தானிடம் சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியங்களாகத் தயாரித்தேன். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வாக்கியத்தில் குரல் போய்விடுகிறது.

இருமல் மிகக் குறைவு. பார்க்க வருகிறவர்களைக் கட்டித் தழுவாமல், கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொல்கிறேன். தலைக்கனம் என்று நினைப்பார்கள்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் எழுதுவது: காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை.

மாலையில் எழுதுவது:

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வீடு நிறைந்துவிட்டது. சம்மந்தி ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தெருவில் போகிறவரை உள்ளே கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு. மெஹர் பிள்ளையை என் முன்னால் நீட்டினாள். தட்டிலிருந்து பழத்தை எடுத்தேன். கொட்டையை நீக்கினேன். அதற்கு மேல் கை போகவில்லை.

"என்ன ஹாஜியார், பரீட்சைப் பேப்பரைப் பாக்குத மாதிரி பழத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிய?" என்றார் சம்மந்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நான்கு வாக்கியங்களில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "எனக்குத் தெரியாது" என்றேன்.

"என்ன தெரியாது?"

"என் தொண்டையில அந்த மூளைக்காய்ச்சல் கிருமி இருக்கா இல்லையான்னு தெரியாது. திங்கக்கிழமை சொல்லுவாங்க. அதுவரைக்கும் என் வாயில பட்டது புள்ள வாய்க்குப் போகக் கூடாது."

"நீங்கதான் ஊசி போட்டிருக்கியள்லா?"

"நான் போட்டிருக்கேன். அவன் போடலியே."

சிரிப்பு நின்றுவிட்டது. சம்மந்தி குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது இதுவே முதல் முறை. "மக்காவுல இருந்து வந்த வாயில கிருமின்னு சொல்லுதது கேக்கவே நல்லா இல்ல, சம்மந்தி."

"மக்காவைச் சொல்லல. என் தொண்டையைச் சொல்லுதேன்."

"சரி, விடுங்க. நான் வைக்கேன். கொண்டாங்க பழத்தை."

"உங்க தொண்டையைப் பத்தியும் எனக்குத் தெரியாதே" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் விளங்கவில்லை. பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சம்மந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மெஹர்தான் பேசினாள். "சரி வாப்பா, வாயில வைக்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பழத்தைக் கரண்டியால மசிச்சு, விரல்ல தொட்டு வைங்க. அதுல எச்சி எங்க இருந்து வரும்?"

நியாயமான யோசனை. நானே சொல்லியிருக்க வேண்டியது.

"இருமல் இருக்கு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளை அழுதது, சுலைகா வாங்கிக் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சமாதானம் செய்தாள். சாப்பாடு நடந்தது. தால்ச்சா நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர், வேறு ஒன்றும் பேச இல்லாததால், சொன்னார்கள்.

சம்மந்தி புறப்படும்போது, "வாசலுக்கு வெளியவே நின்னு பழகின ஆளுன்னு நெனச்சேன். இன்னைக்கு எங்க எல்லாரையும் வெளிய நிக்க வச்சுட்டிய" என்றார்.

ஜூலை 6, சனி

காய்ச்சல் இல்லை. மெஹர் பேசவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. பெட்டியிலிருந்த, ஹஜ்ஜில் உடுத்திய இஹ்ராம் துணிகளைத் துவைத்துக் காயப் போட்டேன். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க, மக்காவிலிருந்து கொண்டு வந்த ஜம்ஜம் தண்ணீரைச் சிறு பாட்டில்களில் ஊற்றினேன். இரண்டு பாட்டிலுக்கு மூடி பொருந்தவில்லை.

பேரனிடமிருந்து ஒரு அறை தூரத்தில் இருந்தே பார்க்கிறேன். சுலைகா மடியிலிருந்து அவனை இறக்குவதே இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு ஓதி, அவன் முகத்தில் மூன்று முறை ஊதுகிறாள். ஊதும்போது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறக்கிறான். பார்க்க அழகாக இருக்கிறது.

"நீங்க பயந்த பயத்துல புள்ளைக்கு ஒரு பேருகூட வைக்க முடியாமப் போச்சு" என்றாள் என்னிடம். சேனையும் பெயரும் ஒன்றாக வைப்பதாக இருந்தது.

நாளை முடிவு. இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரியும்.

ஜூலை 8, திங்கள்

பதினோரு மணிவாக்கில் டாக்டர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், உங்க தட்டுல அந்தக் கிருமி இல்ல. சுத்தமா இருக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். நன்றி சொன்னேன். இரண்டு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சார், இன்னும் முடியல. அம்மாவோட தட்டுல வளந்திருக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. "எந்த அம்மா?" என்று கேட்டேன்.

ஒரே ஜாடியில் இரண்டு தட்டுகள் இருந்தன. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிலாவது குறை இருந்தால் அது என்னிடம்தான் இருக்கும் என்பது எனக்கு அடக்கமாகத் தோன்றியிருந்தது. அந்த அடக்கத்தில், ஆறு நாளாக இவள் முத்தியதையும் ஊதியதையும் அழகாக இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"புள்ளையைக் கொஞ்சுவாங்களா சார்?"

"கீழயே விடுறது இல்ல" என்றேன்.

"பயப்படாதீங்க. அவங்க நோயாளி இல்ல. இப்படி வச்சிருக்கவங்க ஊர்ல எத்தனையோ பேர். வழக்கமா இதுக்கு மருந்துகூடக் கொடுக்க மாட்டோம். வீட்டுல பச்சப்புள்ள இருக்கதால எங்க புரொபசர் ஒரு மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்காங்க. நான் வந்து புள்ளையையும் பாக்கேன்."

சுலைகா பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தயாரிக்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"நானா?" என்றாள்.

பிள்ளையை மடியிலிருந்து எடுத்துப் பாயில் கிடத்தினாள், கண்ணாடிச் சாமானை வைப்பது போல. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நகர்ந்து நகர்ந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் வந்து பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், மெஹரைப் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார். நன்றாக இருக்கிறான். காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். சுலைகா மாத்திரையை விழுங்கினாள். டாக்டர் முன்னாலும் வாயிலிருந்து துணியை எடுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

பேரனுக்குக் காய்ச்சல் இல்லை. பால் குடித்தான். உச்சிக்குழி சமமாக இருக்கிறது.

என் உடல்நிலை எழுத மறந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

காலையில் பேரனின் உடம்பு சுட்டது. மெஹர் முகம் வெளிறிவிட்டது. நான் தெர்மாமீட்டரை அவன் அக்குளில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நான் அவனைத் தொட்டது அதுதான் முதல் முறை. காய்ச்சல் இல்லை. மெஹர் பயத்தில் இரண்டு கம்பளி சுற்றியிருந்தாள், இந்த ஜூலை வெயிலில். ஒன்றை எடுத்தோம். நன்றாகக் குடித்துவிட்டுத் தூங்கினான்.

தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தபோது மெஹர் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு இருமல் இல்ல. காலையில இருந்து நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கரண்டியாலகூட ஏன் வைக்கல வாப்பா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்கும் துணிவு வேண்டும்.

"சேனை வைக்கவங்க குணம் புள்ளைக்கு வரும்னு சொல்லுவாங்க."

"நீங்க அதை நம்புதியளா?"

"இல்ல." தெர்மாமீட்டரை உறையில் போட்டுவிட்டு, "ஒருவேளை இருந்தா?" என்றேன். "ஆம்பளப் புள்ள. சட்டையை மாத்திக் கேக்கக்கூடத் தெரியாதவன் குணம் அவனுக்கு எதுக்கு? உங்க மாமா வச்சா தைரியமா வளருவான்."

மெஹர் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டாவது புள்ள போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில எல்லாரும் ஆளுக்கொண்ணு சொன்னாங்க வாப்பா. அல்லாஹ் வேற தருவான்னாங்க. மாடிப்படி ஏறியிருக்கக் கூடாதுன்னாங்க. மாமா டாக்டர்ட்ட சத்தம் போட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. நான் வெளிய வந்தப்ப என் செருப்பைக் கையில வச்சுக்கிட்டு வராந்தாவுல நின்னிய."

"வாசல்ல கெடந்துச்சு. யாராவது மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டா, நீ வெறுங்காலோட..."

"மத்தியானம் முழுக்கவா?"

"யாருட்ட கொடுக்கன்னு தெரியல" என்றேன்.

"அந்தக் குணம் போதும் என் புள்ளைக்கு" என்றாள். கம்பளியை மடித்து வைக்கப் போய்விட்டாள்.

ஜூலை 11, வியாழன்

பேரன் நலம்.

டாக்டர் பேசினார். மாத்திரை போட்டு ஒரு நாளானாலே போதும், மூன்று நாளாகிவிட்டது. இனிச் சுலைகா பிள்ளையைத் தூக்கலாம் என்றார். சுலைகா கேட்கவில்லை. சமையலறை நிலைக்கு இந்தப் பக்கம் வர மறுக்கிறாள். நான் நின்ற நிலைக்கு நேர் எதிரே இருக்கிறது அது.

"நான் ஓதி ஊதுன காத்துல அது இருந்திருக்கே" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"இருந்தது. இப்ப இல்ல."

"உங்களுக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்? உங்களுக்கு என்னைக்கு எதுல நிச்சயம் இருந்துச்சு?"

"எதுலயும் இல்ல. இதுல இருக்கு" என்றேன்.

துணியை அவள் கையிலிருந்து எடுத்தேன். விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. இப்படி ஒரு இழுபறி எங்களுக்குள் கல்யாணமான நாளிலிருந்து நடந்ததில்லை. எப்போதும் நான் முதலில் விட்டுவிடுவேன்.

பிறகு சம்மந்திக்குப் பேசினேன். நாளை வரச் சொன்னேன். "என் தொண்டையை டெஸ்ட் எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டார். "வேண்டாம், வாயை மூடிக்கிட்டு வந்தாப் போதும்" என்றேன். தவறாகப் பேசிவிட்டேனோ என்று பயந்தேன். அப்புறம் சிரித்தார், காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 12, வெள்ளி

பேரன் நலம். சுலைகா நலம். நான் நலம்.

ஜும்ஆவுக்குப் பிறகு கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். சந்தேகமாக இருந்தது; மறுபடி கழுவினேன். கொதிக்க வைத்த கரண்டியால் பழத்தை மசித்தேன். சுலைகா பாயின் நடுவில் உட்கார்ந்து, மடியை விரித்து, பிள்ளையை வாங்கிக்கொண்டாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பியே வைத்திருந்தாள். அது போக நாளாகும். மெஹர் பக்கத்தில் இருந்தாள். சம்மந்தி வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பிஸ்மி சொல்லி, அண்ணத்தில் தடவினேன். நஸீர் என்று காதில் பெயர் சொன்னேன்.

ஐந்தாவது அம்சத்தை எழுதுவதற்காக முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். நான்காவதில் 'ஒரே காரணம்' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. காரணங்கள் இரண்டு. முதலாவது என் தொண்டையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவது என்னிடம் இருந்தது, இருக்கிறது. இன்று பகல் அதை என் விரலோடு சேர்த்துச் சப்பினான். விரலை எடுத்தபோது அழுதான்.